இரண்டாம் சாட்சி

காலம்பற எட்டரைக்கே றஸாக் மேசன் வாசல் கடப்படியில் நின்று கத்தத் தொடங்கிவிட்டார்.

"பத்து மணிக்கு நொத்தாரிசு வரச் சொன்ன. இன்னம் முக்காடு குத்தி முடியல்லயா? ஊசியால குத்துறீங்களா, அலவாங்கால குத்துறீங்களா?"

மனிசனுக்கு இன்றைக்குச் சந்தோசம். சந்தோசம் வந்தாலும் கோபம் வந்தாலும் அவருக்குக் கத்தத்தான் தெரியும். வெளியே முகம்மது தம்பியின் ஆட்டோ நின்றது. நொத்தாரிசிடம் எழுதப்போகும் வீட்டு உறுதிப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கப்போகிறவரும் அவர்தான் என்பதால் வெள்ளைச் சேட்டு உடுத்து, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மூத்த மகள் ஹுஸ்னியா முக்காடு குத்தி எவ்வளவோ நேரம். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஃபோனை. துருக்கியில் கொன்யா என்ற ஊரிலிருந்து அவளுடைய பேராசிரியை அனுப்பிய மெயில் அதற்குள் பன்னிரண்டு நாளாய்க் கிடக்கிறது. முதுமாணிப் படிப்பு இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. அதற்கு மேல் பிஎச்.டி. என்னும் கலாநிதிப் படிப்புக்கு நாலு வருசம், முழுப் புலமைப்பரிசில். ஓம் என்றால் இன்று பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

வீட்டில் ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் உம்மா பரீனா அந்த வாய்க்குள் எதையாவது ஊட்டிவிட்டாள். "துருக்கியில என்னத்தத் திண்டாய், எலும்பாப் போய் வந்திரிக்காய்!" என்று ஒரு புலம்பல் வேறு. பிறகு எப்படிச் சொல்வது?

இந்தக் கரையோரத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வீடு பெண்ணின் பேரில் இருக்கவேண்டும். இரண்டு பெண் பெற்றால் இரண்டு வீடு, மூன்று பெற்றால் அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும். றஸாக் மேசனுக்கு இரண்டு. அட்டாளைச்சேனையில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்த மனிசன், சொந்த மகளுக்கென்று வேலையில்லாத நாளிலெல்லாம் தானே கல் வைத்துத் தானே பூசி, ஏழு வருசத்தில் ஒன்றை முடித்துவிட்டார். இளையவள் றிப்னாவின் வீடு பின்வளவில் அத்திவாரத்தோடு நிற்கிறது. கம்பி துருப்பிடித்து விட்டது. அவருடைய வலது முழங்காலும் அப்படித்தான்.

மூத்தவளுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடிந்தமாதிரி. அம்பாறைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். நல்ல பொடியன். குறை சொல்ல ஒன்றுமில்லை, கரைச்சலே அதுதான். உறுதியை எழுதி முடியுங்கள், நாளைக் குறிப்போம் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஆட்டோ பாலமுனை, ஒலுவில் தாண்டி ஓடியது. முன்னால் வாப்பாவும் முகம்மது தம்பியும் சிமெந்து விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள். பின்சீற்றில் ராத்தாவும் தங்கச்சியும். நிந்தவூர் வந்ததும் றிப்னா மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்று ஹுஸ்னியாவுக்குத் தெரியும். பஸாலின் ஊர். இரண்டு வருசமாக றிப்னாவுக்குப் பேசிவைத்த இடம். மூத்தவள் முடியட்டும், மூத்தவள் முடியட்டும் என்று இழுபட்டு, இப்போது பஸாலின் உம்மா ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டாள்: நோம்புக்கு முன்னம் ஒரு முடிவு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம். நோம்புக்கு இன்னும் ஐந்து கிழமை.

"தங்கச்சி, தண்ணி குடிக்கியா?" என்று ஹுஸ்னியா கேட்டாள்.

"வேணாம் ராத்தா."

அவ்வளவுதான் கதை. ஒரு குறை சொல்லியிருந்தாலாவது திருப்பிச் சண்டை பிடிக்கலாம். இந்தப் பிள்ளை சண்டைக்கும் வராது.

மூன்று வருசத்துக்கு முன்னம் கொன்யாவில் முதல் பனி விழுந்த கிழமை, விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் ஹுஸ்னியா. இப்போது அந்த ஆய்வுகூடத்தில் சுவரைக் கட்டி, இயந்திரத்தில் ஆட்டி, எங்கே முதலில் வெடிக்கிறதென்று பார்ப்பவள். பூமி அதிர்ந்தால் வீடு ஏன் விழுகிறது என்ற படிப்பு. "நான் கட்டுறன், எண்ட மகள் உடைக்கிறா," என்று றஸாக் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அங்கே அவள் இலங்கைக்காரி. இங்கே வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்டுகளுக்குத் துருக்கிக்காரி. திரும்பிப் போக இன்னும் இரண்டு நாள். படிப்பு முடிகிற நேரத்தில் வீட்டு நினைவு வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு வந்ததோ பயம். அந்தப் படிப்பு அவளுக்கு வேண்டும். வெட்கம்கெட்டு வேண்டும். அப்படியொரு ஆசையைச் சொல்லக்கூட நா கூசியது.

நொத்தாரிசு அபுல் ஹஸனின் கந்தோர் கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில். அவர் உறுதி வாசித்தால் ஜும்ஆப் பிரசங்கம் தோற்றுப்போகும். ஏற்றி இறக்கி, கிழக்கே றோட்டு, மேற்கே வாய்க்கால் என்று எல்லை எல்லையாய் வாசித்தார். கீழேயிருந்து, "அக்கரப்பத்து! அக்கரப்பத்து!" என்று கொண்டக்டரின் சத்தம். றஸாக் தொப்பியைச் சரிசெய்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நகக்கண்ணில் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது.

"...மேற்படி நன்கொடையை மகள் ஹுஸ்னியா மனமுவந்து ஏற்றுக்கொள்கிறா. சரிதானே மகள்? இதில வைங்க."

பேனை நீண்டது. அவள் கை நீளவில்லை.

"எனக்கு வேணாம் சேர். தங்கச்சிட பேருக்கு எழுதுங்க."

முகம்மது தம்பி தும்ம வந்ததை விழுங்கினார். நொத்தாரிசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன விளையாட்டு இது?" என்று அவர் கேட்டது றஸாக்கைப் பார்த்து.

றஸாக் எழும்பி, மகளின் முழங்கையைப் பிடித்து, படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சொல்லு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெயில், நாலு வருசம், இன்று பின்னேரம்.

"எப்ப வந்த அது?"

"பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு நாளா நான் பெயின்ற் அடிச்சன். ஏணியில நிண்டு, என்ன நிறம் மகள் எண்டு ஒண்டத்தானே கேட்டன்? வாயத் திறந்து பச்சை எண்டு சொன்னாயே. அப்ப இந்த மெயில் ஒண்ட கையிலதானே இரிந்த?"

ஏசினால் ஹுஸ்னியா தாங்குவாள். இது ஏச்சில்லையே.

"நான் திரும்பி வரமாட்டன் எண்டு சொல்லல்ல வாப்பா."

"வருவன் எண்டும் சொல்லல்லயே."

ஒரு பொய் போதும். வருவன் வாப்பா என்று சொன்னால் மனிசன் ஆறிப்போவார். அவள் அவருடைய நகத்தைப் பார்த்தாள்.

"தெரியா வாப்பா. மெய்யாத் தெரியா."

"சாய்ந்தமருதாருக்கு நான் என்ன மறுமொழி சொல்ற? மூத்தவ இரிக்க இளையவளுக்கு எழுதினா ஊரு மூஞ்சில துப்பும். நாலு வருசம் கழிச்சு, முப்பத்தொரு வயசில, ஊடுமில்லாம வந்து நிண்டா ஒன்ன ஆருகா கேட்டு வருவான்?"

"கேக்காட்டிப் போறான். எழுதாட்டி நிந்தவூரார் போயிருவாங்க. றிப்னாட ஊட்ட நீங்க எந்த முழங்காலால கட்டப் போறீங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. றஸாக்கின் முகம் செத்துப்போனது. உள்ளங்கையால் பக்கத்துச் சுவரில் ஓங்கி அடித்தார். டொப்பென்று வெறும் சத்தம் வந்தது. அந்த நேரத்திலும் பழக்கதோசம் விடவில்லை.

"பூச்சு பொருமிக் கிடக்கு," என்றார்.

"ஓம். அடியால ஈரம் ஏறிரிக்கி," என்றாள் அவள், யோசிக்காமலே.

ஒரு கணம் இருவரும் அந்தச் சுவரைப் பார்த்து நின்றார்கள். பிறகு அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. உறுதியைக் கிழித்துவிட்டு எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றலாம். இனி மகளே இல்லை என்றும் சொல்லலாம், அவர் வாய்க்கு வந்தால் வரும். அதைத் தெரிந்துகொள்ளுமுன் செய்யவேண்டும் என்று ஹுஸ்னியா படியில் நின்றபடியே ஃபோனை எடுத்து, ஓம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அனுப்பியாயிற்று.

உள்ளே போனபோது, றஸாக் சொன்னபடி, நொத்தாரிசு புறுபுறுத்துக்கொண்டு கணினியில் பேரை மாற்றிக்கொண்டிருந்தார். றிப்னா கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் வைக்கமாட்டன்," என்றாள். இந்தக் குடும்பத்தில் அவள் முதன்முதலாகச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "ராத்தாட ஊட்டப் பறிச்சவ எண்டு காலம் பூரா கேக்க ஏலா எனக்கு!"

"ஆருகா பறிச்ச? நான்தானே தாறன்."

"ஒங்களுக்கு என்ன, ப்ளேன் ஏறிப் போயிருவீங்க. கதை கேக்கிறது நான்."

உண்மைதான். ஹுஸ்னியா தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்தாள். "நீ வைக்காட்டியும் நான் போகத்தான் போறன். இப்பதான் மறுமொழி அனுப்பின. ஊட்டப் பூட்டிப்போட்டா வாப்பா கட்டினதைக் கறையான் திங்கும். பஸாலும் போயிருவான். நாலு பேரு கதைச்சா, ராத்தா பைத்தியக்காரி எண்டு சொல்லு. பாதிப்பேரு ஏற்கெனவே நம்புறாங்கதானே?"

மறுமொழி அனுப்பியாயிற்று என்பதைக் கேட்டும் றஸாக் திரும்பவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வை றிப்னா," என்றார்.

றிப்னா அழுதழுது வைத்தாள். முகம்மது தம்பி தன் வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்தை வைத்தார். அடுத்த சாட்சிக்கு நொத்தாரிசு தன் கிளாக்கரைக் கூப்பிட்டார். ஆளில்லை. இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே அவன் ஒரு வழக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போய்விட்டானாம்.

"உறுதியில இனி உங்கட பேரில்லத்தானே மகள்? சாட்சியா நீங்களே வைங்க," என்றார் நொத்தாரிசு. அந்த மனிசனுக்கு அது ஒரு வேலை, முடிந்தால் சரி.

தன் வீடு அடுத்தவள் கைக்குப் போவதற்குத் தானே சாட்சி. ஹுஸ்னியா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"முழுப் பேர்?"

சொன்னாள்.

"தொழில்?"

"மாணவி."

"நிரந்தர விலாசம்?"

வாயைத் திறந்தாள். கொன்யா விடுதி அறை ஐந்து மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு எந்த அறையோ. அட்டாளைச்சேனை வீட்டை வேண்டாமென்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை. "சேர்..." என்றாள். நொத்தாரிசு பேனையோடு காத்திருந்தார்.

"அந்த ஊட்டு விலாசம்தான்," என்றார் றஸாக் யன்னலிலிருந்து.

"அது இப்ப சின்ன மகள்ட ஊடல்லவா மேசன்?"

றஸாக் அப்போதுதான் திரும்பினார். கண் சிவந்து கிடந்தது. கோபமும் ஆறவில்லை.

"ஊடு சின்னவள்ட. இவ எண்ட மகள். வேற விலாசம் இவளுக்கு எங்க இரிக்கி? எழுதுங்க சேர்."

நொத்தாரிசு எழுதினார். ஹுஸ்னியா கண்ணைத் துடைத்துவிட்டு அதற்குக் கீழே கையெழுத்து வைத்தாள்.