பத்தொன்பது படிகளுக்குக் கீழே

வெண்ணெய் உருகி, நுரைத்து, நுரை அடங்கிய நொடியில் டிரவுட் மீனைச் சட்டியில் கிடத்தினாள் ஹெட்விக். மாவு பூசிய தோல் சீறியது. அடுத்த அறையில் படுத்திருந்த தந்தையின் காதில் அந்தச் சீற்றம் விழுந்திருக்க வேண்டும். மூன்று வாரங்களாகத் தண்ணீரைக்கூட வேண்டாவெறுப்பாக வாங்கிய வாய் திறந்தது.

“வெண்ணெய கருக்கிடாத.”

கதவருகே நின்ற லோதார் சிரித்துவிட்டான். கொலோன் நகரில் உணவகம் நடத்தும் தம்பி; முந்தின நாள் மாலைதான் ஊருக்கு வந்திருந்தான்.

“கேட்டியா ஹெட்விக்? சாகப்போற மனுஷன் பேச்சா இது? டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியல. நீ வேணா பாரு, கிறிஸ்துமஸுக்கு என் சமையல திட்டிக்கிட்டே திம்பாரு.”

ஹெட்விக் சிரிக்கவில்லை. காலையில் வந்துபோன மருத்துவர் வாசலில் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்: இன்று மாலை வரை தாங்கினால் பெரிது.

எக்பெர்ட் ஐம்பது அறுவடை கண்டவர். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தாக எழும் சிலேட்டுக் கற்சரிவில் திராட்சைக் கொடி வளர்த்தவர். வெயில் அளந்து ஊற்றப்படும் மண் அது. பழம் அக்டோபர் வரை பழுக்க மறுக்கும். பழுத்த பின்னும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. அந்தப் புளிப்பின் வழக்கறிஞராகவே அவர் வாழ்ந்தார். புகையூட்டிய விலாங்குக்கு இனிப்பு மிஞ்சிய ஒயின். வெங்காய அடைக்கு இன்னும் பொங்கி அடங்காத புது ஒயின். வெண்ணெயில் வறுத்த டிரவுட்டுக்கு முதிர்ந்த ரீஸ்லிங் வெள்ளை ஒயின். இதில் மறுபேச்சுக்கு அவர் மேசையில் இடமில்லை. லோதார் தன் உணவகத்தில் மீனோடு எலுமிச்சைத் துண்டு வைப்பதை அறிந்தபோது, “எங்க ஒயின்ல இல்லாத புளிப்பா உன் எலுமிச்சையில?” என்று கேட்டுவிட்டு ஓராண்டு மகனோடு பேசாதிருந்தவர்.

“லோதார்!” என்றது அறையிலிருந்து குரல். “அந்த எழுபத்தஞ்சாம் வருஷத்து ஒயின் இருக்குல்ல. நிலவறையில, கடைசி மாடத்துல. அத எடுத்துட்டு வா. இந்த மீனுக்கு அதுதான்.”

“இதோப்பா!” என்று லோதார் திரும்பினான். திரும்பியவன் நிலவறைக் கதவில் பூட்டு தொங்குவதைக் கண்டான். கதவின் அடியிடுக்கில் ஈரத்துணி திணிக்கப்பட்டிருந்தது.

“சாவி எங்க?”

“எங்கிட்ட.”

“குடு.”

“ஃபேன் ஓடல லோதார். நேத்து காலையிலேருந்து.”

வீட்டுக்கு அடியில், பத்தொன்பது படிகளுக்குக் கீழே, அந்த ஆண்டின் சாறு பன்னிரண்டு பீப்பாய்களில் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கும் சாறு வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, காற்றைவிடக் கனம் அதிகம். தரையில் தேங்கி, வெள்ளம் போல ஒவ்வொரு படியாக மேலேறும். அதை உறிஞ்சி ஆற்றுப்பக்கம் துப்புவதற்காகவே சுவரில் பெரிய விசிறி பொருத்தப்பட்டிருந்தது. மாடியிலிருந்து இறக்கிக் கீழறையில் படுக்க வைத்த தந்தையின் கட்டிலுக்கு நேர் அடியில் அந்த விசிறியின் பொறி இருந்தது. அதன் இரைச்சலில் அவர் நேற்று நடுங்கினார். ஹெட்விக்தான் அதை நிறுத்தினாள். நிறுத்தியவளே பூட்டினாள், பூட்டியவளே சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு நாளுக்கு மேலாக அவள் காலடியில் அந்த வாயு நிறைந்துகொண்டிருந்தது.

“நாப்பது அடி தூரம்,” என்றான் லோதார். “மூச்ச புடிச்சிக்கிட்டு ஒரே ஓட்டம். பாட்டில எடுத்தேன், திரும்புனேன். நீச்சல் குளத்துல இதவிட தூரம் போயிருக்கேன்.”

“இருட்டுல பாட்டில தேடி, கால் தடுக்கி, ஒரே ஒரு மூச்சு இழுத்தா போதும். முட்டி மடங்கிடும். அப்புறம் உன்ன தூக்க நான் வரணும். என்ன தூக்க அத்தை வரணும். மேலாத்துப் பக்கம் அந்த வீட்டுல ஒருத்தர தூக்க ஒருத்தர் போயி, மூணு பேரு வரிசையா படியில செத்துக் கெடந்தது மறந்துபோச்சா உனக்கு?”

“அது அந்தக் காலம்.”

“வாயுக்கு அந்தக் காலம் இந்தக் காலம் எல்லாம் தெரியாது.”

தந்தையின் தங்கை லோனி அத்தை ஜெபமாலையோடு அடுக்களைக்கு வந்தாள். எண்பதை எட்டப்போகும் அவள் நாக்குக்கு மட்டும் முதுமை தட்டவில்லை.

“என்னடி வழக்கு இங்க? எங்கண்ணன் கடைசியா கேக்குறது ஒரு வாய் ஒயினு. ஐம்பது வருஷம் இந்த ஊருக்கே ஊத்திக் குடுத்தவன். அவனுக்கு இல்லைங்குறியா? கேட்டது கெடைக்காம போற உசிரு வீட்ட விட்டுப் போகாதுடி. வாசப்படியிலயே நிக்கும்.”

உயிரோடிருப்பவன் ஒன்றைக் கேட்டால் ஆயிரம் காரணம் கேட்கும் உலகம், சாகப்போகிறவன் கேட்டால் காரணத்தையே குற்றவாளியாக்கிவிடுகிறது. அவன் ஆசைக்கு விலையாக இன்னோர் உயிரை வைக்க நேர்ந்தாலும் அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டுகிறது. தடுப்பவளுக்குக் கல்நெஞ்சம் என்று பட்டம் கட்டுகிறது. அந்தப் பட்டம் தன் தலைமீது இறங்குவதை ஹெட்விக் உணர்ந்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள். வெண்ணெய் கருகவில்லை.

“ஃபேன போடுறேன்,” என்றாள். “ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்புறம் நானே எறங்குறேன்.”

“ஒரு மணி நேரம் இருக்கா அவருக்கு?” என்றான் லோதார்.

அவள் சுவரிலிருந்த விசிறியின் விசையைத் தள்ளினாள்.

தரை உறுமியது. அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அடுத்த கணம் அறையிலிருந்து எழுந்த ஓலத்தில் மூவரும் அங்கே ஓடினர். எக்பெர்ட் முழங்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். கண்கள் கூரையில் குத்திட்டு நின்றன.

“விமானம் வருது! எல்லாரும் கீழ எறங்குங்க! லோனி, அம்மாவ புடி... நிலவறைக்கு! நிலவறைக்கு!”

லோனி அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். போர்க்காலத்தில் அண்ணனும் தங்கையும் அந்தப் பீப்பாய்களுக்கிடையேதான் ஒண்டிக் கிடந்து உயிர் தப்பியிருந்தார்கள். காப்பாற்றிய அதே இருட்டுக்குள் இப்போது அவர் எல்லோரையும் அனுப்பினார்.

“நிறுத்துடி!” என்று அலறினாள் அத்தை. “பயத்துலயே உசிர எடுத்துடுவ போலருக்கே!”

ஹெட்விக் ஓடிப்போய் விசையை இறக்கினாள். உறுமல் அடங்கியது. கீழே மறுபடியும் அமைதி. அந்த அமைதிக்குத்தான் அவள் அஞ்சினாள்.

லோதார் அவளை ஓரமாக இழுத்தான். குரலைத் தாழ்த்தினான்.

“சரி. இங்க மேல என்ன இருக்கு?”

“போன வருஷத்து ரீஸ்லிங் ஒண்ணு.”

“அத ஊத்து. எழுபத்தஞ்சுன்னு சொல்லு. மூணு வாரம் சாப்பிடாத நாக்கு. என் ஓட்டல்ல திடமா இருக்கவனுக்கே வித்தியாசம் தெரியாது.”

பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் பொய்யைத் தவிர அவள் கையில் கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லை. கோப்பையில் இரண்டு விரலளவு ஊற்றினாள். மீனின் முதுகுச் சதையில் நகத்தளவு கிள்ளி வெண்ணெயில் தோய்த்துத் தந்தையின் நாவில் வைத்தாள். அவர் கண்ணை மூடினார். மென்றார். விழுங்கவும் செய்தார். முகத்தில் பல நாட்களாகக் காணாத ஒரு தெளிவு பரவியது.

“இப்ப ஒயின்,” என்றார்.

கோப்பையின் விளிம்பை உதட்டில் பொருத்திச் சாய்த்தாள். அவர் அதை நாவில் உருட்டினார். பழைய வழக்கப்படி, உதட்டிடுக்கால் சிறிது காற்றை உறிஞ்சிச் சுவைத்தார். நெற்றி சுருங்கியது. ஒயின் கடைவாய் வழியே வழிந்தது.

“இது அது இல்ல.”

“அதுதாம்ப்பா,” என்றான் லோதார்.

“கொழந்த இது. ஒரு வயசுப் புள்ள. கத்துது.” கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். ஏமாற்றப்பட்ட கோபம் அதில் இல்லை. தவறான பாட்டிலை எடுத்து வந்துவிட்ட பணிப்பெண்ணைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தார். “போய் எடுத்துட்டு வாம்மா. நான் இருக்கேன்.”

ஹெட்விக் எழுந்து அறையை விட்டு வெளியே வந்தாள். நிலவறைக் கதவுக்கும் கட்டிலறைக்கும் இடையே பத்தடி நீளக் கூடம். அங்கே சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். லோதார் வந்து எதிரே நின்றான். அவன் கை நீண்டது.

“ஹெட்விக். கெஞ்சி கேக்குறேன். சாவி.”

“மாட்டேன்.”

“அவரு உனக்காக காத்துக்கிட்டு இருக்காரு.”

“தெரியும்.”

“நாங்கெல்லாம் இருந்தும் நீதான் அவர பாத்துக்கிட்ட. ஒத்துக்குறேன். அதுக்காக கடைசி வாயையும் நீயே பூட்டி வைப்பியா? இந்த வீட்டுல எல்லாத்துக்கும் சாவி உன் கழுத்துலதான் தொங்கணுமா?”

அவள் சட்டைக்குள் கிடந்த சாவியைத் துணியோடு சேர்த்துப் பற்றிக்கொண்டாள். தம்பி ஓரடி முன்னே வந்தான். அவன் அவளைவிட உயரம், அவளைவிட வலிமை. பிடுங்க நினைத்தால் பிடுங்கிவிடலாம். சிறு வயதுக்குப் பிறகு முதன்முறையாக அவள் தம்பியின் கைகளைக் கண்டு பயந்தாள். அவன் பிடுங்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

அறையிலிருந்து குரல் வந்தது. “இன்னும் வரலையா?”

இருவரும் அசையவில்லை.

சற்று நேரம் கழித்து, இன்னும் மெலிதாக: “படிய பாத்து எறங்கச் சொல்லு.”

பிறகு குரல் வரவில்லை. தேவாலயத்தின் நண்பகல் மணி ஓய்ந்தபோது லோனி அத்தை அறை வாசற்படியில் வந்து நின்றாள். அறைக்குள் திரும்பிப் போய், அண்ணனின் உயிர் வெளியேறச் சன்னலைத் திறக்கும் ஓசை மட்டும் கேட்டது.

லோதார் உள்ளே போனான், தந்தையின் காலடியில் நின்றான், வெளியே வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“ஒரு வாய்,” என்றான். “ஒரே ஒரு வாய். கசாப்புக்காரன்கூட அறுக்கறதுக்கு முன்னாடி தண்ணி காட்டுவான்.”

ஹெட்விக் கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றிச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அடுக்களை இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்தாள். பழைய விளக்குக் கூண்டில் பொருத்தி ஏற்றினாள். கூண்டின் வளையத்தில் கொடி கட்டும் கயிற்றை முடிந்தாள்.

“தொறந்துட்டு, மொதல்ல இத எறக்கு. நீ எறங்காத. இது மட்டும்.”

அவன் ஏளனமாக ஏதோ முனகினான். ஆனால் செய்தான். பூட்டைத் திறந்து, ஈரத்துணியைக் காலால் தள்ளி, கதவை இழுத்தான். குளிர்ந்த, இனித்துப் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. கீழே பன்னிரண்டு பீப்பாய்களும் குமிழியிடும் ஓசை, பெருங்கூட்டம் ஒன்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுபோலக் கேட்டது. லோதார் கயிற்றை மெல்ல விட்டான். முதற்படியில் சுடர் நிமிர்ந்து நின்றது. இரண்டாம் படியில் சுருங்கியது. மூன்றாம் படியில், யாரோ இரு விரலால் கிள்ளியதுபோல, அணைந்தது.

அவன் கயிற்றை இழுத்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினான். மூன்றாம் படி.

மீண்டும் ஒருமுறை. இம்முறை ஏற்ற மூன்று தீக்குச்சிகள் தேவைப்பட்டன. மூன்றாம் படி.

மீதிப் பதினாறு படிகளும் இருட்டில் இருந்தன. லோனி அத்தை கூடத்தின் கோடியிலிருந்து அதைப் பார்த்தாள். சிலுவைக் குறியிட உயர்ந்த கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

லோதார் கதவைச் சாத்தினான். பூட்டினான். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான். குனிந்து, துணியை மறுபடியும் இடுக்கில் திணித்தான். ஹெட்விக் விசையைத் தள்ளினாள். தரை உறுமியது, தட்டுகள் கிணுகிணுத்தன. இம்முறை அறையிலிருந்து எந்தக் குரலும் எழவில்லை.

அடுக்களை மேசையில் மீன் ஆறிப்போயிருந்தது. வெண்ணெய் அதன்மேல் வெளிறி உறைந்திருந்தது. லோதார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கத்தியின் நுனியால் முதுகுத்தண்டு நெடுகக் கோடிட்டு, தோலை ஒதுக்கி, முள்ளை அப்படியே ஒரே இழுப்பில் தூக்கினான். உதிர்ந்த சிறு முட்களைக் குனிந்து, ஒவ்வொன்றாக, விரல்நுனியால் தடவித் தேடி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். வெகு நேரம் தேடினான். பிறகு முள்ளில்லாத பெரிய பாதியை அக்காவின் தட்டுக்கு நகர்த்தினான்.

ஹெட்விக் எதிரே வந்து அமர்ந்தாள். இருவருக்கும் நடுவே கோப்பைகள் வெறுமையாக நின்றன.