முதல் சாவு கேப்டனான வருஷம்

விண்கப்பல் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பான மாலையில், கேப்டனாக வந்தவளின் முகத்தைப் பார்த்து ஜனங்கள் எறிந்த செருப்புகள் டிவி கண்ணாடியில் பட்டுத் திரும்பவில்லை. குளத்தில் போட்ட கல் மாதிரி உள்ளே போய்விட்டன. மறுநாள் காலை படப்பிடிப்பில் கேப்டன் தன் நாற்காலியில் உட்கார்ந்து முதல் வசனத்துக்கு வாயைத் திறந்ததும், அத்தனை செருப்பும் விண்கப்பலின் கூரை வழியாக அவள் மேல் கொட்டின. இயக்குநர் கோபித்துக்கொண்டு காட்சியை மறுபடி எடுத்தார். தரையைக் கூட்டியவர் எல்லாமே ஒற்றைச் செருப்பாக இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, தொலைத்தவர்கள் வெட்கமே இல்லாமல் படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஜோடியைக் காட்டியவர்களுக்கு வாட்ச்மேன் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தத் தொழிலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் முதல் சாவு. எந்தக் கதையிலும் யாராவது ஒருவர் முதலில் சாக வேண்டும், அப்போதுதான் நாயகனுக்குக் கோபம் வரும். அந்த ஒருவரை எப்போதும் அவள் இனத்திலிருந்துதான் எடுப்பார்கள். அவள் பாட்டன் காலத்தில் ரயில் பாதை போடக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கறுத்த ஜனம் அது. பாதை போட்டு முடிந்த பிறகு அவர்களை என்ன செய்வது என்று ஊருக்கு இன்றுவரை தெரியவில்லை. வேலைக்காரியாக வந்து குத்துப்பட்டிருக்கிறாள், நர்ஸாக வந்து சுடப்பட்டிருக்கிறாள், வழி கேட்க வந்தவளாக லாரியில் அடிபட்டிருக்கிறாள். துணி தேய்த்துப் பிழைக்கும் அவள் அம்மா எல்லாவற்றையும் பார்ப்பாள். மகள் செத்ததும் எழுந்து டிவியை அணைத்துவிட்டு, உலையை வைத்து, அவள் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். அதனால் எந்தக் கதை எப்படி முடிந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

கேப்டன் வேடத்துக்கு ஆள் எடுத்தபோது, குண்டு பட்ட பிறகும் சுக்கானை விடாமல் நிற்கும் காட்சியை எல்லோரிடமும் நடிக்கச் சொன்னார்கள். பேர் போன நடிகைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சாய்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க விழுந்து விழுந்து, உடம்பில் எந்த இடம் முதலில் தளரும் என்று தெரிந்து வைத்திருந்த இவள் மட்டும் நின்றாள். இயக்குநர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். செய்தி வெளியானதும் ஊர் கொதித்தது. கதையில் ஆறு கையுள்ள பச்சை மிருகம் ஒன்று கப்பலுக்குச் சமையல் செய்தது. பேசும் பாறை ஒன்று கணக்கு வாத்தியாராக இருந்தது. அவற்றை எல்லோரும் சந்தோஷமாக நம்பினார்கள். ஒரு கறுத்த பெண் கப்பலை ஓட்டுவதைத்தான் நம்ப முடியவில்லை என்றார்கள். 'இதெல்லாம் நடக்கிற கதையா' என்று படித்தவர்களே கேட்டார்கள்.

செருப்பில் ஆரம்பித்தது செருப்போடு நிற்கவில்லை. எறிந்தால் போய்ச் சேருகிறது என்று தெரிந்த பிறகு ஜனங்கள் யோசித்து எறிந்தார்கள். இரண்டாம் வாரம் செங்கல், பாட்டில், பூட்டு. மூன்றாம் வாரம் ஒரு வீட்டிலிருந்து கொதிக்கிற வெந்நீர் வந்தது. அவள் தோள் எலும்பு முறிந்தது, தொடையில் காய் நறுக்கும் கத்தி ஒன்று கைப்பிடி வரை இறங்கியது, விளக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆளுக்கு ஒரு கண் போனது. ஒளிப்பதிவாளர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, உடம்பில் ஒரு காயமும் தெரியவில்லையே என்றார். கறுத்த தோலில் கன்றிய இடம் கேமராவுக்குத் தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியாத காயத்துக்கு விடுப்பு கிடையாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். முறிந்த தோளோடு அவள் நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பலை ஓட்டினாள். எரிச்சலாக இருந்தது. அதைவிட, தன்னால் வேறொருவனுக்குக் கண் போனதே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

உதவி கேப்டனாக நடித்தவன் வெளுத்த இனத்துப் பையன். கல்யாணக் காட்சி எந்தத் தொடரில் இருந்தாலும் மணமகன் அவன்தான் என்பதால் அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். நான்காம் வாரத்திலிருந்து வசனத்தில் இல்லாத ஒரு காரியத்தை அவன் செய்ய ஆரம்பித்தான். கூரையில் சத்தம் கேட்டால் ஒரு எட்டு முன்னால் வந்து அவளுக்கும் கூரைக்கும் நடுவே நின்றுகொள்வான். ஒரு பாட்டில் அவன் முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோனது. அவன் முகத்தில் காயம் நன்றாகத் தெரிந்தது. நாடெங்குமிருந்து அவனுக்குக் களிம்பு வந்து குவிந்தது. அவன் அதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அவள் மேஜையில் கொட்டி, பொக்கை வாயோடு சிரித்தான்.

"எடுத்துக்கோங்க கேப்டன். எனக்குன்னு அனுப்பியிருக்காங்க, ஆனா மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாதுல்ல."

இதற்கிடையில் சில ஆட்கள் அம்மா வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஜன்னலை உடைத்து, தேய்த்து அடுக்கியிருந்த ஊரார் துணி மேல் சாக்கடையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அம்மா யாரையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, மறுபடி தேய்த்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து டிவி பார்க்கும்போது இஸ்திரிப் பெட்டியைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். கரி போடும் பழைய இரும்புப் பெட்டி அது. கைப்பிடி சுடாமலிருக்க மகளின் பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைச் சுற்றியிருந்தாள்.

இத்தனை ரத்தம் கொட்டினாலும் தொடரைப் பார்க்கும் கூட்டம் மட்டும் வாரா வாரம் ஏறியது. தயாரிப்பாளர் தலையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வருஷத்தின் கடைசிப் பகுதியை நேரடியாக ஒளிபரப்புவது. எறிந்த பொருள் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே போய் விழுவதை எறிந்தவரே பார்க்கலாம். கதையில் உதவி கேப்டன் கேப்டனைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கப்பலைத் தன் கையில் எடுத்துக்கொள்வான். ஜனங்கள் கேட்டதும் அதுதான். மாப்பிள்ளை எழுத்தாளரிடம் சண்டை போட்டுப் பார்த்தான், நடக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. விழப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். நேரடி ஒளிபரப்பை யார் நிறுத்த முடியும்? சுடட்டும், நிற்பேன், நாடே பார்க்கட்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அம்மா அதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை.

"அம்மா, இந்தத் தடவை பாதியில அணைச்சுடாதே. கடைசி வரைக்கும் பாரு."

"நீ சாகறதை நான் எத்தனை தடவைதான் பாக்கறது?"

"பாரேன், எனக்காக."

ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்தே கூரை சும்மா இருக்கவில்லை. கற்களும் இரும்புக் கம்பிகளும் மழையாகப் பெய்தன. பச்சை மிருகத்தின் உள்ளே இருந்தவர் மண்டை உடைந்து விழுந்தார். பேசும் பாறை இரண்டாகப் பிளந்தது. கேப்டனின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணை மறைத்தது. சுடும் காட்சிக்கு முன் மாப்பிள்ளை நகர்ந்து வந்து, உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

"கேப்டன், விழறப்ப வலது பக்கமா விழுங்க. அங்க திண்டு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்."

பிறகு துப்பாக்கியைத் தூக்கினான். அவன் தூக்கிய அந்தக் கணத்தில்தான் அம்மா எறிந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தக் கனத்தைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது, குறி தப்பவில்லை. ஆனால் பெட்டி ஒரு வீட்டிலிருந்து ஒரு விண்கப்பலுக்கு வந்து சேர ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சுக்குள் மாப்பிள்ளை சுட்டான், புகை வந்தது, அவள் விழவில்லை. சுக்கானைப் பிடித்தபடி நின்று அவனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. வசனத்தை விட்டுவிட்டு, பல்லில்லாத வாய் தெரியச் சிரித்து, துப்பாக்கியைத் தாழ்த்தி அவளுக்கு சல்யூட் அடிக்கக் கையை உயர்த்தினான். அப்போது அவன் நெற்றிப்பொட்டில் தணலோடு வந்து இறங்கியது இஸ்திரிப் பெட்டி. மண்டை ஓடு நொறுங்கிய சத்தம் நாடு முழுக்கக் கேட்டது. அவள் விழுவதற்காகப் போட்டு வைத்திருந்த திண்டின் மேலேயே அவன் விழுந்தான். ரத்தத்தில் பட்ட தணல் சுர்ரென்று அணைந்தது.

அவள் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மடி நனைந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, வசனம், வசனம் என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். பார்த்ததும் வேறெதுவும் யோசிக்கவில்லை. கொதிக்கிற இரும்பை வெறும் கையால் இழுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். உள்ளங்கைத் தோல் பெட்டியோடு போனது.

விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரிக்கு அது நல்ல சோதனையாகப் போய்விட்டது.

"இந்த இஸ்திரிப் பெட்டி யாரோடது?"

"கப்பலோடதுதான் சார்."

"விண்கப்பல்ல எதுக்கும்மா இஸ்திரிப் பெட்டி?"

"கேப்டன் சட்டை கசங்கியிருக்கக் கூடாதுல்ல சார்."

அவர் அவள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார். பத்திரிகைகள் கனமான பொருள் ஒன்று என்று மட்டும் போட்டன. அன்று மாலை கனமாக எதையாவது எறிந்திருந்த ஒவ்வொரு வீடும், கொன்றது தங்கள் பொருள்தானோ என்று பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வெளுத்த பையனைக் கொன்றோமே என்று அழுதார்கள். கறுத்தவளுக்காக அழுதார்கள் என்று சொல்ல முடியாது. எப்படியோ, அதன் பிறகு யாரும் எதையும் எறியவில்லை. முதல் சாவு அவளை விட்டு வேறொருவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கேப்டனாகவே இருந்தாள், தொடர் பல வருஷம் ஓடியது.

அந்த நேரடி ஒளிபரப்பு முடிந்து, அன்றிரவு அவள் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகம் பூரித்துப் போயிருந்தது.

"கடைசி வரைக்கும் பாத்தேன்டி. நீ சாகவே இல்ல!"

"ஆமாம்மா."

"அந்தப் பையனுக்குத்தான் கொஞ்சம் பலமாப் பட்டுடுச்சு போலிருக்கு. நான்தான் ஆத்திரத்துல எறிஞ்சுட்டேன். வீட்டுக்குப் போயிருப்பான்ல? சாப்பிட்டிருப்பான்ல?"

டிவியில் செத்த மகள் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதை மட்டுமே பார்த்த அம்மா அவள். மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டிருப்பான்மா" என்றாள்.

அந்தத் தெருவில் யாரும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அடுத்த வருஷம் தொடர் மறுபடி ஒளிபரப்பானபோது, அந்த ஒரு வீட்டு டிவியில் மட்டும் மாப்பிள்ளை சாகாமல் இருந்தான். கேப்டனின் வலது பக்கத்தில், புதுப்பல் கட்டிக்கொண்டு, யாரும் எழுதாத வசனங்களைத் தெளிவாகப் பேசினான். முதல் முறை பார்த்தபோது மகள் எழுந்து போய் டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். அந்தக் காட்சிகளில் தன் வலது பக்கம் காலியாக இருந்தது அவளுக்குத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்கே வந்து, அவன் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

அம்மா வேறொரு கரிப் பெட்டி வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி கொடுத்து வாங்குகிறவர்கள் வழியாகச் செய்தி பரவி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வெளுத்த இனத்துப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். இங்கே வேறு மாதிரி தெரிகிறதாமே என்று தயங்கிக் கேட்டாள். அம்மா வா என்று உள்ளே கூப்பிட்டு, உட்காரத் தலையணை ஒன்றை எடுத்துப் போட்டாள். திரையில் மாப்பிள்ளை வந்ததும் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பையன் தங்கமான பையன். எங்க பாப்பாகூடதான் வேலை செய்யறான்" என்றாள் அம்மா.

"தெரியும்மா. எங்க வீட்டுக்காரர்தான்."

"அடடா, அப்படியா! அன்னிக்கு இஸ்திரிப் பெட்டியை எறிஞ்சது நான்தாம்மா. கொல்லப் போறான்னு நெனச்சுட்டேன். வலி போயிடுச்சான்னு நான் கேட்டேன்னு சொல்லும்மா."

மகள் அம்மாவைத் தடுக்கக் கையை நீட்டினாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற கேப்டனின் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தாள். பெட்டியின் முனை மாதிரியே கூராக இருந்த தழும்பு அது. டிவியில் கப்பல் ஏதோ ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சும்மா" என்றாள் அந்தப் பெண் கடைசியில்.

"நிம்மதி. அவன் சட்டையெல்லாம் கொண்டு வா, நான் தேச்சுத் தரேன். அதையாவது செய்யறேன்."

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் ஒரு பையில் சட்டைகளோடு வந்து, தலையணையில் உட்கார்ந்து, புருஷனைப் பார்த்துவிட்டு, தேய்த்த சட்டைகளோடு திரும்பிப் போவாள். இரண்டாம் வாரம் பையைப் பிரித்தபோதே, போன வாரம் தான் போட்ட மடிப்பு கலையாமல் அப்படியே இருப்பதை அம்மா பார்த்தாள். சட்டையை முகர்ந்து பார்த்தாள், வேர்வை வாசனை இல்லை, தன் பெட்டியின் கரி வாசனைதான் வந்தது. பிறகு உதறிப் பிரித்து, தண்ணீர் தெளித்து, கழுத்துப்பட்டையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.