இரண்டு பேர்

என் கணவருக்கு வீட்டில் பேர் சபாபதி, அடையாள அட்டையில் பர்மியப் பேர், ஊ சோ மின். சுலே பகோடா பக்கத்து வங்கியில் சபாபதி பேரில் கிடந்த சேமிப்பை, அவர் வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரி அருகிலுள்ள வங்கிக்கு மாற்றக் கேட்டோம். பேர் ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

கவுண்டரில் இருந்தவள் நம் தமிழ்ப் பெண் சித்ராதேவிதான். சட்டையில் குத்தியிருந்த பேர் மா கின் சூ.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு வார்டு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்கக்கா."

வார்டு ஆபீஸ் மழைக்காலம் முழுக்க இழுத்தடித்தது. கடிதம் வருமுன் அவர் போய்விட்டார்.

மரணச் சான்றிதழை நீட்டினேன். சித்ராதேவி நிதானமாகப் படித்தாள்.

"இதுல ஊ சோ மின்தானே இறந்திருக்காரு? கணக்கு சபாபதியோடதாச்சேக்கா."

"அப்போ சபாபதி உயிரோட இருக்காரு. வீட்டுக்கு அனுப்பி வை" என்றேன்.