அடங்காத ஆட்டம்

கிரேன் கூண்டில் இருந்தவர் அவளுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காளின் கணவர். கீழே கணினியின் முன் அவள். கொக்கியில் தொங்கும் சுமை ஆடாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டை வடிவமைத்தவள் அவள்தான்.

கணினி சுமையை இடைவிடாமல் பார்ப்பதில்லை. ஒரு தாளத்தில் கண்ணைத் திறந்து மூடுவதுபோல விட்டு விட்டுத்தான் பார்க்கும். அதற்காகவே, விட்டு விட்டு வரும் அளவுகளைக் கையாளும் கணித முறையான இசட் உருமாற்றத்தைப் போட்டு, சமன்பாட்டின் மூலங்களெல்லாம் அலகு வட்டத்துக்குள் விழும்படி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலம் வெளியே போனாலும் ஆட்டம் அடங்காது, வளரும்.

அன்று வளர்ந்தது.

கொக்கியில் தொங்கிய இரும்புச் சுருள் லேசாக அசைந்தது. கணினி திருத்தியது. அசைவு கூடியது. மறுபடி திருத்த, சுருள் கூண்டை நோக்கி வீசி வந்தது.

"என்னம்மா இது, பேய் பிடிச்ச மாதிரி ஆடுது!" ரேடியோவில் அத்தான் அலறினார்.

அவள் பக்கத்தில் நின்ற மேலாளர், கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "கிரேன் சட்டுனு நின்னா சுருள் நேரா அவர் மேலதான் போகும்!"

திரையில் ஒவ்வொரு திருத்தமும் பிந்தியே வந்தது.

"தாளத்தை யார் மாத்தினது?"

மேலாளர் எச்சில் விழுங்கினார். "கேமராவும் இதே கணினியில ஓடணுமேன்னு... காலையில நான்தான் கொஞ்சம் மெதுவாக்கச் சொன்னேன்."

அவரைத் திட்ட நேரமில்லை. பிந்தி விழும் தள்ளு ஆட்டத்துக்கே துணைபோய்க்கொண்டிருந்தது. திருத்தத்தின் பலத்தைக் குறைத்தால் மூலங்கள் உள்ளே திரும்பும். எவ்வளவு குறைக்க? ரொம்பக் குறைத்தால் ஆட்டத்தைப் பிடிக்கவே பிடிக்காது. மனக்கணக்காக, இருந்ததில் கால்வாசி போதும் என்று அடித்தாள்.

"அத்தான், லீவரைத் தொடாதீங்க."

"எங்க தொடறது, ரெண்டு கையாலயும் சீட்டைப் பிடிச்சிட்டிருக்கேன்."

சுருளின் நிழல் கூண்டுக் கண்ணாடியை மூடியது. உரசாமல் விலகியது. மறுமுறை அவ்வளவு தூரம் வரவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் குறைவு. கடைசியில் சாதுவாகத் தொங்கியது.

அத்தான் இறங்கி வந்து ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாயங்காலம் மறுபடி ஓட்டலாமா?" என்றார் மேலாளர், மெல்ல.

"புதுத் தாளத்துக்கு முதல்லேர்ந்து கணக்குப் போடணும். அதுவரைக்கும் யாரும் மேல ஏறக்கூடாது. இனிமே தாளத்தை யார் மாத்தினாலும் கிரேன் கிளம்பவே கிளம்பாது, அப்படிப் பண்ணிடப் போறேன்."



"உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே," என்றார் அத்தான். "சுருள் விட்டாலும் அவ விடமாட்டா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

புதுக் கணக்கு முடிந்த அன்று, யாரும் சொல்லாமலே முதலில் ஏணியில் கால் வைத்தவர் அத்தான்தான்.