மூத்தாரின் முழுப் பெயர்

"ஷூவக் கழட்டிட்டு வா, மருமவளே. கைய கழுவிட்டு மாவு உருட்டு" என்றாள் பாத்மா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

வந்த கனிஷாய் அந்த வீட்டு இளைய மருமகள்தான். கூடவே மாவட்டக் காவல் நிலையத்தின் தலைவி. வயது ஐம்பத்து நான்கு, தோளில் அந்நாட்டுப் போலீஸ் கர்னலின் நட்சத்திரங்கள். பாத்மா அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி; இளையவளை 'மருமகளே' என்றுதான் கூப்பிடுவாள். கனிஷாய் ஷூவைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் பாத்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

வீடு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஆடு உரிபட்டது. மேசையில் பொரித்த மாவுருண்டைகள் மலையாகக் கிடந்தன. உள்ளறை மூலையில் வெள்ளைத் திரை ஒன்று காற்றே இல்லாமல் குதித்தது.

"என் தலையில அந்தத் துணியப் போட்டீங்க, கடிச்சிருவேன்!" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுத்த நொடி, "ஐயோ, கடிச்சிட்டா!" என்று ஓர் அத்தைக்காரி விரலை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

உள்ளே இருந்தவள் பெகாயிம், மருந்துக்கடையில் வேலை செய்பவள். மதியம் கடை வாசலில் வைத்து அவளை அப்படியே காருக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தூக்கி வந்த பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டால், அந்த ஊரில் கல்யாணம் முடிந்த கணக்கு. காரை ஓட்டியவர் மாப்பிள்ளையின் அப்பா, அதாவது கனிஷாயின் கணவனுடைய அண்ணன், அவளுக்கு மூத்தார். மாப்பிள்ளைப் பையன் சமத் பின்சீட்டில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். மூக்கில் உதை வாங்கி, இப்போது முற்றத்தில் அண்ணாந்து நின்றான்.

"வெள்ளைக் கோட்டோடயே வந்துட்டா பாரு, கல்யாணத்துக்குத் தயாராத்தான் இருந்திருக்கா" என்று பெண்கள் சிரித்தார்கள்.

முப்பத்தொரு வருடப் பணியில் இருபத்து மூன்று திரைகளை விலக்கி, பெண்களை வெளியே கூட்டி வந்திருக்கிறாள் கனிஷாய். வேலைக்குச் சேர்ந்த அன்று டீ போடச் சொன்ன அதிகாரிகள் எல்லாரும் பின்னாளில் அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்கள். ஆனால் இந்தத் திரை இதுவரை அவள் கைக்கு வந்ததில்லை. பத்தொன்பது வயதில் அவளையே உட்காரவைத்த மூலை இது. அன்றும் கார் ஓட்டியவர் இதே மூத்தார்தான்.

திரையை விலக்கினாள். "இருக்கியாம்மா, போறியா?"

"போறேன்! இப்பவே போறேன்!"

"கல்லு விழுந்த எடத்துலதான் கெடக்கணும், பொண்ணு வந்த எடத்துலதான் இருக்கணும்" என்று பாத்மா ஆரம்பித்தாள். "நீயும் இப்படி வந்தவதானே கனிஷாய்? அழுதே, தேம்பினே. அப்புறம் கர்னல் ஆகலியா?"

"ஆனேன். அதுக்காக ஊர்ப் பொண்ணுங்க எல்லாரையும் தூக்கிட்டு வந்து கர்னல் ஆக்கப் போறீங்களா?"

ஜீப் ஓட்டி வந்த காவலர் தாலாய் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான்.

மூத்தார் உள்ளே வந்தார். ஆறடி, வெள்ளைத் தொப்பி, ஊர்ச் சபையின் தலைவர். "சரி, பொண்ணக் கூட்டிட்டுப் போ. நமக்குள்ள என்ன. கேசு கீசு வேண்டாம். பையனுக்கு ஆசை விடல. அடுத்த வாரம் திரும்பவும் கூட்டியாந்துக்குவோம்."

பெகாயிமின் முகம் வெளுத்தது. வழக்கு இல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கனிஷாய் நின்றபடியே குற்றக் குறிப்பை எழுதி முடித்தாள்.

"எழுது, எழுது. எழுதினவங்களே குற்றவாளியோட முழுப் பேரைச் சொல்லி, சாட்சிக்கு முன்னால வாசிக்கணும்ல? அதுதானே உங்க சட்டம்?" அவர் மீசைக்குள் சிரித்தார். "வாசி மருமவளே. என் பேரைச் சொல்லி வாசி!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

மருமகள் என்பவள் புருஷன் வீட்டு மூத்த ஆண்கள் பெயரை வாயால் சொல்லக்கூடாது. கனிஷாய் சொன்னதே இல்லை. மூத்தாரின் பெயரிலேயே ஒரு காவலன் வேலைக்கு வந்தபோது அவனை ஒன்பது வருடம் "ஏழாம் நம்பர்" என்றுதான் கூப்பிட்டாள். மூத்தாரின் டிராக்டர் வீட்டு வாசலிலேயே கவிழ்ந்தபோது, "மாவுமில்லுக்குப் பின்னால இருக்கிற உசரமான ஆளு" என்று வயர்லெஸ்ஸில் அவள் சொன்னதில், மூன்று வீடு தள்ளி இன்னொரு உயரமான ஆள் வீட்டில் ஆம்புலன்ஸ் போய் நின்றது.

"நான் வாசிக்கட்டுமா அக்கா?" என்றான் தாலாய்.

"எழுதினது நான்." தொண்டையைச் செருமினாள். "பெரிய வீட்டுக்காரராகிய..."

"அக்கா, நீதிபதி 'எந்தப் பெரிய வீடு'ன்னு கேப்பாருக்கா."

அறை வெடித்துச் சிரித்தது. பெகாயிம் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கனிஷாயின் உதட்டையே பார்த்தாள்.

"மம்பெத்தாலி" என்றாள் கனிஷாய்.

சிரிப்பு பாதியில் அறுந்தது.

"மம்பெத்தாலி எசென்குல் ஊலு!" 'ஊலு' என்றால் மகன்; எசென்குல் அவளுடைய மாமனார். ஒரே மூச்சில் இரண்டு பெயர். "வயது அறுபத்து மூன்று, பெண்ணைக் கடத்திய குற்றத்துக்காக..."

அத்தைக்காரி காதைப் பொத்தினாள். பாத்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதர், சந்தையில் அவிழ்ந்த கால்சட்டையைப் பிடிப்பவர் போல, பெயர் எங்கேயோ விழுந்துவிட்டதாகத் தரையைப் பார்த்தார். கனிஷாய் கடைசி வரி வரை வாசித்தாள். அப்பாவும் மகனும் மறுநாள் காலை நிலையத்துக்கு வர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

ஜீப் ஊரைத் தாண்டியதும் கனிஷாய்க்குச் சிரிப்பு பீறிட்டது. "மம்பெத்தாலி!" என்றாள் ஜன்னலுக்கு வெளியே. பிறகு பெரிய மாமனார், சின்ன மாமனார், செத்துப்போன தாத்தா என்று ஒவ்வொரு பெயராக மலையைப் பார்த்துக் கத்தினாள். மேய்ந்த குதிரைகள் தலை தூக்கின. அழுது வீங்கியிருந்த பெகாயிமும் ஒவ்வொரு பெயரையும் திருப்பிக் கத்த ஆரம்பித்தாள். தாலாய் ஹாரன் அடித்தான்.

கடைசியாகக் கனிஷாய், "துயிஷென்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அது யாரு அக்கா?" என்றாள் பெகாயிம்.

"என் வீட்டுக்காரர். போலீஸ் பள்ளியில நான் படிக்கையில புள்ளைத் துணிய ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சவர். போய்ச் சேந்து நாலு வருஷமாச்சு. அவரு காதுல விழற மாதிரி ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாரனை இன்னொரு தரம் அடிக்கச் சொன்னாள்.

பத்து நாளில் மாகாணக் காவல் அலுவலகம் வழியாக அவள்மேல் ஒரு புகார் வந்தது. கீழே பதினோரு கையெழுத்து; முதல் கையெழுத்து பாத்மாவுடையது. பெண்ணைத் தூக்கி வந்தது பற்றி அதில் ஒரு வரி இல்லை. கடித்தது பற்றிக்கூட இல்லை. மருமகளாகப்பட்டவள் மூத்தார், மாமனார் பெயர்களைப் பலர் முன்னிலையில் உச்சரித்து அந்தக் குடும்பத்துக்கு ஆறாத அவமானம் விளைவித்தாள் என்பதே குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஓய்வு பெறவிருந்த கனிஷாய் அதற்கு முன் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

கனிஷாய் இரண்டே வரி எழுதினாள்: "புகார் உண்மை. நான் சொன்ன பெயர், மம்பெத்தாலி எசென்குல் ஊலு."

எழுதியதை வாசித்துச் சரிபார்ப்பது அவள் வழக்கம். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். எதிரே சந்தை கூடியிருந்தது. உரக்க வாசித்தாள்.