கடைசி ஆளைப் பார்க்க வந்த கூட்டம்

பிளூமெனெக் ஊரின் சைக்கிள் பந்தயக் குழுவுக்கு அன்னாயிக் தலைவி. ரொட்டிக்கடையும் அவளுடையது, ஆகவே ஊர்ச்செய்தி முழுவதும் அவள் கை வழியாகத்தான் போகும். ஜூலையில் நாடு சுற்றும் பெரும் பந்தயம் முடிந்த கையோடு அந்த வீரர்கள் சிலரை வரவழைத்து, ஊர்த் தெருக்களைச் சுற்றவிடுவார்கள். யார் ஜெயிப்பது என்று காலையிலேயே குழு பேசி முடித்துவிடும். அது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி கைதட்டுவார்கள்.

இந்த வருடமும் கூட்டம் வராவிட்டால் இனிப் பந்தயத்துக்குத் தெருவை அடைக்க அனுமதி இல்லை என்று மேயர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்னாயிக் யோசித்து, ஜில்தாஸை அழைத்தாள். பெரும் பந்தயத்தில் நூற்று நாற்பத்தோராவதாக வந்தவன். ஆனால் மலையில் கடைசிக் கும்பலோடு மூச்சிரைக்க ஏறுவதையும், ஏறியபின் யார் யார் அழுதார்கள் என்பதையும் படமெடுத்துப் போடுவான். இணையத்தில் ஆறு லட்சம் பேர் அவன் பின்னால்.

"போன்ல ஓட்டுறவனக் கூப்பிட்டிருக்க. ரோட்டுல ஓட்டுறவன் எவனும் கிடைக்கலயா?" என்றான் குழுவின் கொடிக்காரன் லோயிக்.

"நீ கூப்பிட்ட ஆளப் பாக்க போன வருஷம் எத்தன பேர் வந்தாங்க? உன் மாமியாரையும் சேத்தே எண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தேவாலயம் வரை தலைகள். அன்னாயிக் பூரித்துப்போய், தன் கடையின் தொத்திறைச்சி சுருட்டிய அடையைத் தின்றுகொண்டிருந்த ஜில்தாஸை ஓரங்கட்டினாள்.

"தம்பி, இன்னிக்கு நீதான் ஜெயிக்கிற. பேசியாச்சு."

"வேணாங்க்கா."

"ஏம்ப்பா, ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாரேன்."

"நான் திணறுறத தினமும் பாக்குறவங்க அவங்க. சும்மா ஜெயிச்சா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க."

"பாதியில கூட்டம் கலைஞ்சா எங்க பந்தயம் இதோட போச்சு, தெரியுமா?"

"கலையாது. என்னை ஓட்ட மட்டும் விடுங்க."

அவசரமாக வேறொருவனை ஜெயிக்கச் சொல்லிவிட்டு, முடிவுக் கோட்டருகே லோயிக் பக்கத்தில் போய் நின்றாள் அன்னாயிக்.

இருபதாவது சுற்றில் முன்னணி ஆட்கள் ஜில்தாஸை ஒரு முழுச்சுற்று முந்திவிட்டார்கள். அப்படிப் பின்தங்கியவனைக் கொடி காட்டி இறக்கிவிடுவது விதி. லோயிக்குக்கு விதி என்றால் வேதம். கொடியைத் தூக்கினான். அன்னாயிக் பிடுங்கித் தன் மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள்.

"விதி இருக்கு, அன்னாயிக்."

"யாரு ஜெயிக்கணும்னு பேசி வச்சப்ப உன் விதி எங்க போயிருந்துச்சு?"

ஜெயிக்க வேண்டியவன் ஜெயித்தான். நாலு பேர் கைதட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. மிச்சச் சுற்றுகளை ஜில்தாஸ் தனியாக, நாக்கு தள்ள ஓட்டினான்; வளைவுக்கு வளைவு கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. அவன் முடிவுக் கோட்டைத் தொட்டபோது எழுந்த சத்தத்தில் ரொட்டிக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

கடை வாசலில் அடை வாங்க வரிசையில் நின்ற மேயர், அன்னாயிக்கைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷம் கல்லறைத் தெருவையும் சேத்து அடைக்கணும் போலிருக்கே?"

"அடைச்சிருவோம்," என்றாள் அவள். "நீங்க வரிசையில நில்லுங்க."