ஜெபராஜ் வீட்டைச் சுற்றிப் போகும் சாலை

எங்கள் ஊர் ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறது. அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டிய ஊர். வரைபடம் என் பொறுப்பு. நான் எதை வரைகிறேனோ அது மறுநாள் காலை முளைத்துவிடும். அழிக்க முடியாது. வளைக்கலாம்.

ஊரில் ஒரு சட்டம் உண்டு. அசையாமல் நிற்பவர் விளக்குக் கம்பமாகிவிடுவார். இதில் யாருக்கும் வருத்தமில்லை. ஊர் வளர்ந்தால் விளக்கும் வேண்டும்தானே. பக்கத்து வீட்டுச் சுயம்பு அண்ணாச்சி டீ போட எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் கம்பமாகியிருந்தார். நல்ல வெளிச்சம். அதனால் மற்ற எல்லோரும் குதித்துக்கொண்டே இருக்கிறோம். பேசும்போதும் குதிப்போம்.

ஊர் வாசலிலிருந்து துறைமுகத்துக்குப் பெரிய சாலை வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. கோடு போட்டேன். அது ஜெபராஜ் வீட்டுக்கு நடுவே போனது.

ஊரின் முதல் வீடு அது. நானும் ஜெபராஜும் கட்டியது. கதவைத் தரையிலிருந்து ஒரு கட்டை உயரத்தில் வைத்துத் தொலைத்தோம். உள்ளே போக எகிற வேண்டும்.

"எப்டியும் குதிச்சிக்கிட்டுதான இருக்கோம், விடுல" என்றான்.

பிறகு ஒருநாள், "வீட்டப் பாத்துக்கோ மக்கா, வந்திருதேன்" என்று சொல்லிப் போனான். வரவில்லை. அந்த வீடு போய்விட்டால் அவன் திரும்பி வர இடம் இருக்காது. எனக்கு அந்த ஊரில் வேறு நண்பன் கிடையாது.

சாலையை வளைத்தேன்.

ஒருமுறை வளைத்தால் அது வளைந்துகொண்டே போகும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மறுநாள் இன்னொரு சுற்று. துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். ஒரு கல்யாண ஊர்வலம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலத்திலேயே குடித்தனம் நடத்துவதாகக் கேள்வி.

ஊர்த்தலைவி மரியபுஷ்பம் அக்கா கூட்டம் போட்டார். எல்லோரும் குதித்தோம்.

"தம்பி, தொறமொகம் எங்க?"

"சாலை முடியுத எடத்துலக்கா."

"சாலை எங்க முடியுது?"

"போட்டுக்கிட்டிருக்கேன்."

"ஆளில்லாத வீட்டுக்காவ ஊரையே சுத்த விடுதியா?"

"வந்திருவான்க்கா."

"வெளக்கு எரியாத வீடு காலி வீடு. நாளைக்கு இடிக்கோம். நீ நல்ல பிள்ள, அதான் முன்கூட்டியே சொல்லுதேன்."

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. வரைபடத்தை விரித்தேன்.

விளக்கு எரிந்தால் காலி வீடு இல்லை. ஜெபராஜ் வாசலில் ஒரு விளக்கை வரைந்தேன். வரைந்த பிறகுதான் உறைத்தது. வரைந்தது முளைத்தே தீரும். விளக்குக்கு ஓர் ஆள் வேண்டும்.

சுயம்பு அண்ணாச்சியிடம் போனேன். அவருக்கு எப்படியோ வாய் மட்டும் இரும்பாகாமல் தப்பியிருந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் எடம் மாறி நிப்பியளா?"

"மாறுனா நான் எப்டிப்பா வெளக்கு?"

"வலிக்குமா?"

"பூச்சித் தொல்லதான்."

ஜெபராஜ் வாசலுக்குப் போய்க் குதிப்பதை நிறுத்தினேன். முதலில் கால் இரும்பானது. பிறகு வாய். பொய் சொல்வானேன், ஓய்வாகத்தான் இருந்தது.

இடிக்க வந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வரைபடத்துக்கு ஆளில்லை. அது மரியபுஷ்பம் அக்கா கைக்குப் போனது. அக்கா எனக்கு நேர் கீழே நின்று அதை விரித்தார்.

"எங்க போனானோ, பாவம். இருந்தா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். "எரியுத வீட்ட நாம இடிக்கக் கூடாது. சாலைய மட்டும் நிமித்துவோம்."

நிமிர்த்தினார். காலையில் சாலை நேராகத் துறைமுகத்துக்குப் போனது. வீட்டை யாரும் இடிக்கவில்லை. வீடு இல்லை, அவ்வளவுதான். நான் இருந்தேன். சாலைக்கு விளக்கு வேண்டும்.

அன்று மாலை ஜெபராஜ் வந்தான். குதித்துக்கொண்டே வந்தான். தோளில் ஒரு கதவு. புதுசு. சரியான உயரம். இத்தனை நாளும் அதைச் செய்யத்தான் போயிருக்கிறான், படுபாவி.

சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அக்கா குதித்தபடி வந்தார்.

"இங்கன ஒரு வீடு இருந்துச்சேக்கா?"

"சாலைல்லா இருக்கு."

"படம் போடுதவன் எங்க? அவன்ட்டதான் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன்."

"அவன் ஊர்லயே இல்லப்பா."

அக்கா போய்விட்டார். ஜெபராஜ் கதவை என்மேல் சாய்த்து வைத்தான்.

"எங்க போயிரப் போறான். வருவான். வாறவரைக்கும் இங்கனயே நிக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

குதிப்பதை நிறுத்தினான்.

குதில, குதில என்று கத்த நினைத்தேன். எனக்கு வாய் இல்லை. என்னால் முடிந்தது எரிவது ஒன்றுதான். முடிந்த மட்டும் எரிந்தேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "நல்ல வெளிச்சம்" என்றான். அதற்குள் அவன் கால் இரும்பாகியிருந்தது.